அத்தையின் ஸ்டேட்டஸில் நான் இல்லை

என் போனை வாங்கிப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, சார்ஜ் போய்விட்டதா என்றுதான். கறுப்புத் திரை. அதில் படம் கிடையாது, கலர் கலராக ஆப்கள் கிடையாது. போன், மெசேஜ், கேமரா, ரேடியோ என்று சில வார்த்தைகள் வெள்ளை எழுத்தில் நிற்கும், அவ்வளவுதான். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் உட்காருவது என் வேலை. தங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆந்திராக்காரர்கள். ரூம் சாவிக்காகக் காத்திருக்கும்போது என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், கெட்டுப்போன போனை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறாளே என்று தெலுங்கில் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்பதை நான் காட்டிக்கொள்வதில்லை.

இந்தப் போனைக் கொடுத்தவர் பாவா. அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம். அரக்கோணம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஊரெல்லாம் புதுப் போன் வாங்கினால் இவர் பழைய போனை வாங்கி, கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்ததையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, நம்மை வேவு பார்க்காத வேறொரு சிஸ்டத்தை அதில் ஏற்றுவார். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நாம் எங்கே போகிறோம், என்ன தேடுகிறோம் என்று எல்லாவற்றையும் போன் யாருக்கோ சொல்லிக்கொண்டே இருக்கிறது என்பார். நான் எங்கே போறேன், மார்க்கெட்டுக்குத்தானே, சொல்லிட்டுப் போகட்டும் என்பாள் அக்கா. கல்யாணங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடைக்காது. இத்தனை வருஷப் பிரசாரத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே கிராக்கி நான்தான்.

நானும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு போன் வாங்கிக்கொடுத்தார். விலை உயர்ந்த போன். பூரித்துப்போனேன். நான் கடைக்குப் போனால் கடை வாசலில் நிற்கும்போதே, அங்கே எதற்குப் போனாய் என்று போன் வரும். என் பெண் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தால், ரயில் அரக்கோணம் பிளாட்பாரத்தில் நிற்பதற்குள், ஏன் லேட் என்று கேட்பார். அக்கறை என்று ரொம்ப நாள் நினைத்தேன். என் போன் இருக்கும் இடம் அவர் போனில் புள்ளியாகத் தெரிகிறது, என் மெசேஜெல்லாம் அங்கேயும் விழுகிறது என்று பாவாதான் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் எழுத இஷ்டமில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பிரிந்துவிடுவது என்று முடிவானது. முடிவான பிறகும் அவர் விடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கடைக்கு வந்து நின்றார். அடுத்த கடைக்கும் வந்தார். பாப்பாவின் பள்ளிக்கூட கேட்டில் அவரைப் பார்த்த அன்று, ஊரை விட்டே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் சொந்தக்காரர்கள் அரக்கோணத்திலும் திருவாலங்காட்டிலும் அம்மையார்குப்பத்திலும் இருக்கிறார்கள். திருத்தணியில் ஒருவரும் இல்லை. அதனால்தான் இங்கே வந்தேன். மெட்ராஸ் பக்கம் வேலைக்குப் போய்விட்டாள் என்று அவரிடம் சொல்வதென்று குடும்பமே பேசி வைத்துக்கொண்டது. புது நம்பரோடு இந்தக் கறுப்புப் போனை என் கையில் கொடுத்தார் பாவா. நானும் பாப்பாவும் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாத வரைக்கும்தான் எங்களுக்கு நிம்மதி.

ஆரம்பத்தில் இந்தப் போனோடு மல்லுக்கட்டியே என் நாள் போனது. பேங்க் ஆப்பை ஏற்றினால், இந்தப் போனை நம்பமாட்டேன் என்று மூடிக்கொண்டது. காய்கறிக்காரம்மா அட்டையை நீட்டி ஸ்கேன் பண்ணும்மா என்றால், சில்லறையைத் தேடிப் பையைத் துழாவ வேண்டும். பள்ளிக்கூடத்து குரூப்பில் வருவது எதுவும் எனக்கு வராது. எல்லாப் பிள்ளைகளும் பச்சைச் சட்டையில் வந்த நாளில் என் பெண் மட்டும் யூனிஃபார்மில் போய் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை. எதிர்வீட்டு அம்மாவின் பிள்ளையும் அதே வகுப்பு. அன்றிலிருந்து அந்த அம்மாள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதையெல்லாம் மாடியில் துணி காயப்போடும்போது எனக்கு வாசித்துக் காட்டிவிடுவார். ஏன், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் போனில் புதிதாக எதை ஏற்றினாலும் அது முதலில் என்னைக் கேட்கும். நீ இருக்கும் இடம் இதற்குத் தெரியலாமா? உன் படங்களை இது பார்க்கலாமா? வேண்டாம் என்று தட்டினால் சரி என்று போய்விடும். கோபித்துக்கொள்ளாது, ஏன் என்று கேட்காது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடாது. என் கல்யாணத்தில்கூட என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. முதல் வாரத்தில், சும்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பதற்காகவே தேவையில்லாத ஆப்களையெல்லாம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. அழுகையும் வந்தது.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின் தங்கை. திருவாலங்காட்டில் நெல்லும் கரும்பும் போடுகிறார்கள். அம்மா போன பிறகு எங்களுக்கு எல்லாம் அவள்தான். அத்தை ஸ்டேட்டஸ் போடாத நாள் கிடையாது. கரும்பு வெட்டினால் கரும்பு, கன்று போட்டால் கன்று, தோசை முறுகலாக வந்தால் அதுவும். போட்டதோடு விடமாட்டாள். சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யார் யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசிப்பாள். பார்க்காதவர்களுக்குப் போன் போட்டு உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பாள். அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் கொல்லைக்கதவு வழியாகவே ஊருக்குள் போய்விடும் என்பது எங்கள் வீட்டில் பழைய கேலி.

அக்காவுக்கு ரொம்ப நாள் கழித்து ஒரு பிள்ளை பிறந்தான். எங்கள் வீட்டு வழக்கப்படி திருத்தணியில்தான் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்களுக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லை. தூரத்து உறவில் ஒருவரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது அத்தை, சித்தி மடி போதும், இவள் உட்காரட்டும் என்று முடித்துவிட்டாள். புருஷனை விட்டு வந்தவளை நடுவில் உட்கார வைப்பதா என்று முணுமுணுத்த ஒரு கிழவியை அவள் ஒரு பார்வை பார்த்தாள். 

மேனேஜரிடம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு மலைக்கு ஓடினேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பிள்ளை என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினான். காது குத்தி முடித்ததும் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். பக்கத்தில் பாப்பா நின்றாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். அத்தையும் எடுத்தாள். படத்தை எங்கேயும் போடக் கூடாது என்று பாவா படியேறும்போதே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அத்தையும் தலையாட்டினாள். அவள் கணக்கில் ஸ்டேட்டஸ் என்பது படத்தை எங்கேயோ போடுவதில் சேர்த்தியில்லை. அது அவள் வீட்டு வாசலில் கோலம் போடுகிற மாதிரி.

கீழே பாவா எடுத்திருந்த ரூமில் சாப்பிட்டு முடித்தோம். ஜாக்கிரதையாக, நான் வேலை செய்யாத லாட்ஜாகப் பார்த்து எடுத்திருந்தார். அத்தை பாயில் காலை நீட்டிக் கண்ணாடியை மாட்டினாள். அம்மையார்குப்பத்துச் சம்பந்தி பார்த்துவிட்டாள், பால்காரர் பார்த்துவிட்டார் என்று வாசித்துக்கொண்டே வந்தவள், அதே குரலில் சொன்னாள்:

"சின்ன மாப்ளகூட பாத்துட்டாரும்மா."

 என் வீட்டுக்காரருடைய நம்பர் இன்னும் அத்தையின் போனில் இருந்தது. மாப்பிள்ளை என்று பதிந்த நம்பரை அழிப்பது, இருக்கிற மனுஷனைச் செத்தவன் என்று சொல்கிற மாதிரி என்று அவள் அதை அப்படியே விட்டிருந்தாள். அந்த வீட்டிலிருந்து என்னை மனசார வெளியே கொண்டுவந்தவளும் அவள்தான். சாங்கியம் என்று வந்தால் அது வேறு கணக்கு.

பாவா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வேலையிலிருந்து ஓடிவந்ததால் லாட்ஜ் பெயர் போட்ட அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. நானும் குனிந்து பார்த்தேன். நாடா தெரிந்தது. அட்டை இருக்க வேண்டிய இடத்தில், அழுதுகொண்டிருந்த பிள்ளையின் மஞ்சள் மொட்டைத் தலை இருந்தது. முருகா என்று எனக்கு வாய்விட்டு வந்துவிட்டது. சாமி விஷயத்தில் பட்டும் படாமலும் இருக்கிறவள் நான். அன்றைக்கு அந்த மலையைப் பார்த்து மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

பாவா படத்தை அழிப்பதற்குள் அத்தையின் போன் அடித்தது. அவர்தான். எடுக்க வேண்டாம் என்றாள் அக்கா. எடுக்காவிட்டால் சந்தேகம் வரும், கிளம்பி வந்துவிடுவார் என்றார் பாவா. பாப்பா என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை பொய் பேசி நான் பார்த்ததில்லை. வயலில் மழை பெய்ததை இரண்டு தூறல் கூட்டிக்கூடச் சொல்லத் தெரியாது அவளுக்கு. எல்லாம் முடிந்தது, திரும்பவும் மூட்டை கட்ட வேண்டியதுதான், பாப்பாவுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் தேட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை முடிந்துகொண்டு போனை எடுத்தாள்.

"ஆங், சொல்லுங்க மாப்ள. வந்தாங்க. காலைல மெட்ராஸ்லேர்ந்து வந்தாங்க, காதுகுத்து முடிஞ்சதும் ரயிலேறிட்டாங்க." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார். அத்தை பெருமூச்சு விட்டாள். "மெட்ராஸ்ல எங்கன்னு எனுக்கு இன்னாங்க தெரியும். எல்லாரும் என்கிட்ட மட்டும் மறைச்சிகினு இருக்காங்க. என் வாயில ஒண்ணும் நிக்காதுன்னு உங்களுக்கே தெரியும் இல்லீங்களா?"

அவர் நம்பிவிட்டார். நம்பாமல் என்ன செய்வார்? அத்தையின் வாயைப் பற்றித் தெரியாதவர் எங்கள் சொந்தத்தில் யாரும் இல்லையே. போனை வைத்த பிறகு அத்தை அதைப் பாவாவிடம் நீட்டி, நம்பரை எடுத்துவிடச் சொன்னாள். தன் கையால் மட்டும் வேண்டாம் என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். பாவா இதுதான் சமயம் என்று, ஒரு போன் மட்டும் வாய் மூடிக்கொண்டால் போதாது என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் போய்க் காபி வாங்கி வரச் சொன்னாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் லாட்ஜ் வாசலில் ஒரு நிழல் விழுந்தாலே எழுந்து எட்டிப் பார்த்தேன். அவர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இந்தப் போன் எல்லோருக்கும் ஒத்துவருமா என்று என்னைக் கேட்டால், வராது என்றுதான் சொல்வேன். எங்கள் அத்தைக்கு நிச்சயம் வராது. கன்றுக்குட்டியையும் தோசையையும் நாலு பேருக்குக் காட்ட முடியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. அவளுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. அது அவள் வாங்கிவந்த வரம். எனக்கு இது இல்லாமல் முடியாது. பாவாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டு நாங்கள் கொட்டாவி விட்டதற்கெல்லாம் சேர்த்து இப்போது அவருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் பாவா சொல்லாத ஒன்றையும் நான் தெரிந்துகொண்டேன். என் போன் என்னை மறைத்தது பாதிதான். மீதி, என் படம் இருக்கிற அத்தனை பேர் போனிலும், அவர்கள் வாயிலும் இருந்தது. என் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்கள் பதில் தெரிந்திருந்தும் தெரியாது என்று சொன்னார்கள்.

போன பொங்கலுக்குத் திருவாலங்காட்டில் எல்லோரும் கூடினோம். அத்தை ஒரு புது வழக்கம் கொண்டுவந்திருக்கிறாள். முதலில் என்னையும் பாப்பாவையும் நடுவில் நிறுத்தி ஒரு படம். அதை என் போனில்தான் எடுக்க வேண்டும். அதைப் பாவா ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வருவார். அத்தை வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு. அடுத்தது ஸ்டேட்டஸுக்கு. அதற்கு அத்தை தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு, போய் வரிசையில் நின்றுகொண்டாள். "நீ எடும்மா," என்றாள். "நல்லா எங்க எல்லாரையும் பாத்து எடு."

பாப்பா என் பக்கத்தில் நின்று, சிரிங்க சிரிங்க என்று எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருந்தாள். காது குத்தின பிள்ளைகூடச் சிரித்தான். அந்தப் படத்தை அன்று சாயங்காலம் எத்தனையோ பேர் பார்த்தார்கள். அத்தை எல்லாப் பெயரையும் வாசித்தாள். படத்தில் நான் இல்லை. இருக்கிற அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.