சேற்று ராணியின் தமிழ்

எங்கள் ஆபீஸில் லீவு கேட்டால் பகடை உருட்டுவார்கள். கோவில்பட்டியில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை; பெங்களூர் போனதும் இவளுக்குக் கதை கட்ட வந்துவிட்டது என்று சிரித்தார்கள். கதை இல்லை. முதலாளி ஹர்ஷா மேசை இழுப்பறையைத் திறந்து, இருபது முகம் கொண்ட நீலப் பகடை ஒன்றை எடுப்பார். பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் லீவு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் விழுந்ததோடு மூன்று கூட்டிக்கொள்ளலாம். கல்யாணம், காதுகுத்துக்கு ஒன்றுதான். என் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்காக நான் போய் நின்ற அன்று ஆறு விழுந்தது. "ஸாரி ஷான், ஃபேட்" என்று உதட்டைப் பிதுக்கினார். என் பெயர் சண்முகத்தாய். அதை முழுசாகச் சொல்ல அந்த ஆபீஸில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அன்று சாயங்காலமே நான் பஸ் ஏறிவிட்டேன். நிச்சயம் முடிந்து திரும்பி வந்தபோது, நான் போனதையே அவர் கவனித்திருக்கவில்லை என்று தெரிந்தது. விதியைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஆள் கணக்குத் தேவையில்லை போலும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பெங்களூர் என்றாலே கண்ணாடிக் கட்டடமும் குளிரூட்டிய அறையும் என்று ஊரில் நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம். நான் வேலை பார்த்த இடம் சிவாஜிநகருக்குப் பின்னால் ஓர் ஊதுபத்திக் கிடங்கின் மாடி. கிடங்கு ஹர்ஷாவின் அப்பாவுடையது. அவர் கீழே மல்லிகை, சந்தனம் என்று கட்டுக் கட்டாக விற்றார். அந்த வாசனையில் வந்த காசில் மகன் மேலே ஓர் உலகத்தைப் படைத்துக்கொண்டிருந்தார். உலகத்தின் பெயர் கெல்வாரியா.

கெல்வாரியா பிறந்தது சாப்பாட்டு மேசையில். கல்லூரி நாட்களில் ஹர்ஷாவும் நாலைந்து நண்பர்களும் சனிக்கிழமைதோறும் கூடி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் பேசி, வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடையிடம் கேட்டு ஆடிய ஆட்டம். ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த ஆட்டத்துக்கு அவர்கள் எழுதி வைத்திருந்த கோப்புகள் தலையணை தலையணையாக இருந்தன. அத்தனையையும் நான் படிக்க வேண்டியிருந்தது. கெல்வாரியாவில் எப்போதும் பனி கொட்டும். எழுதியவர்களில் ஒருவரும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே பனியைப் பார்த்தவரில்லை. அங்கே எல்லாருக்கும் மூன்று பெயர் இருக்கும், ஒருவருக்கும் பிழைப்பு என்று ஒன்று இருக்காது. இளவரசர்கள் தாத்தாவின் வாளுக்காக அழுவார்கள். யார் வீட்டிலும் அடுப்பு எரிந்ததாக ஒரு வரி இல்லை.

ஒருநாள் பிரிகேட் ரோட்டில் வீடியோ கேம் மெஷினைச் சுற்றி நின்ற கூட்டத்தை ஹர்ஷா பார்த்துவிட்டார். திரையில் இரண்டு பேர், குத்து, உதை, ஒருவன் விழுகிறான், அடுத்தவன் காசு போடுகிறான். அந்தக் கூட்டம் தன் கெல்வாரியாவுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்படித்தான் சண்டை விளையாட்டு தொடங்கியது; அப்படித்தான் படம் வரையத் தெரிந்த நான், காக்ஸ் டவுனில் ஓர் ஆசிரியை வீட்டு மாடியறைக்கு வாடகைக்கு வந்தேன். எட்டு வீரர்கள். ஒருவன் கையை ஓங்கி இறக்குவதற்குள் பத்துப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். காகிதத்தில் வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, புள்ளி புள்ளியாக வண்ணம் வைப்பேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், அதற்காக மட்டும்தான் அங்கே இருந்தேன்.

ஆனால் ஹர்ஷாவுக்குப் பகடை இல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் மெஷினுக்குள் ஒரு பகடை உருள வேண்டும். எண் சரியாக விழவில்லை என்றால் குத்து எதிராளியின் மூக்கில் பட்டாலும் படாததாகவே கணக்கு என்றார். காசு போட்டவன் அடித்த அடி விழாவிட்டால் மெஷினை உதைப்பான் என்று நானும் நிரல் எழுதியவரும் மாறி மாறிச் சொன்னோம். "கெல்வாரியாவில் விதி முக்கியம்" என்றார். ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் பகடை வேண்டாம் என்றார். அது க்ரூல்லா, சேற்றுக்குடிகளின் ராணி. கோப்பில் அவளைப் பற்றி இருந்தது அரைப் பக்கம்: கறுத்த உடம்பு, பச்சை மீன் தின்பவள், அறிவு இருபதுக்கு நான்கு, மொழிக்கு எழுத்து கிடையாது. விதி என்பதெல்லாம் அரச வம்சங்களுக்கு. இவளைப் போன்றவர்களைத் தேவதைகள் கண்டுகொள்வதில்லை. அதனால் இவள் அடித்தால் அது வெறும் அடி, அவ்வளவுதான்.

நான் அவளைக் கவனமாகத்தான் வரைந்தேன். நல்ல தோள், ஊன்றி நிற்கும் கால். ஹர்ஷா திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, குரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தமிழ் தெரியாதவர், எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்; நான் இங்கே நம் வழக்கில் சொல்கிறேன். மற்ற ஏழு பேருக்கும் அவருடைய நண்பர்கள் ஆங்கிலத்தில் பேசிப் பதிந்திருந்தார்கள்.

"க்ரூல்லாவுக்கு யுவர் தமிழ் போட்டுடலாம், ஷான். அந்த ட, ட, ட சவுண்ட் இருக்கே, ரொம்ப ரா, காட்டுத்தனமா இருக்கு."

"எங்க பாஷைக்கு எழுத்து இருக்கு சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "எழுத வேண்டாம், ஜஸ்ட் ஷவுட்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "டோன்ட் டேக் இட் பர்சனலி. இட்ஸ் எ காம்ப்ளிமெண்ட்" என்றார். இந்த ஊரில் படித்தவர்கள் காறித் துப்பிவிட்டுக் கைக்குட்டை நீட்டுகிற அழகு அது.

நான் முடியாது என்று சொல்வதற்குள், வரவேற்பு மேசையிலிருந்து கனகா எழுந்து வந்தாள். "நா கத்தறேன் சார்" என்றாள்.

கனகா மர்பி டவுன்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். அவளுடைய பாட்டன் காலத்திலேயே வட ஆற்காட்டிலிருந்து வந்து கண்டோன்மெண்டில் தங்கிவிட்ட குடும்பம். போனில் ஒருவரிடம் கன்னடம், அடுத்தவரிடம் உருது, வாசலில் நிற்பவரிடம் தமிழ், ஹர்ஷாவின் நண்பர்களிடம் ஆங்கிலம் என்று மூச்சு விடாமல் மாறுவாள். அவளும் நானும் ஒரே இனம் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னக்கா இப்பிடிப் பண்ணுத? நம்ம பாஷைய சேத்துல கெடக்கவ பாஷைங்கான். நீ போயி சரிங்குத?"

"உன் பாஷ வேற, என் பாஷ வேற. நீ பேசறதே எனக்குப் பாதி புரியறதில்ல" என்றாள் கனகா. "உனுக்கு இன்னா, கோவம் வந்தா ஊருக்குப் போயிருவே. எனக்கு ஊரு இதான். இங்க எவன் இன்னா சொன்னாலும் நா இங்கயே நின்னுதான் பதில் சொல்லணும். வுடு, நா பாத்துக்கறேன்."

ஊதுபத்திப் பெட்டிகளுக்கு நடுவே கம்பளிகளைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவு நடந்தது. ஹர்ஷா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, "ரெண்டு ராஜ்யத்துக்கு நடுவுல போர். உன் சதுப்பு நிலத்த பிடுங்கறாங்க. நீ எப்பிடிக் கத்துவே?" என்று கனகாவுக்குத் தன் அரைகுறைக் கன்னடத்தில் விளக்கினார். கனகா பவ்யமாகக் கேட்டுக்கொண்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"தள்றீ!" என்று ஒரு கத்தல். அது குத்துக்கு.

"லைன்ல வாடீ!" அது உதைக்கு.

மூன்றாவதாக, பெரிய அடிக்கு, அடிவயிற்றிலிருந்து ஒன்று வந்தது பாருங்கள்: "என் கொடத்த எட்த்தவ எவடீ!" கிடங்கில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். கடைசியில் தோற்று விழுகிற குரல். கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, "அய்யோ, தண்ணி நின்னுப்போச்சே…" என்று இழுத்தாள். எனக்குப் பக்கத்தில் நின்ற நிரல்காரர் மலையாளி. அவருக்குப் பாதி புரிந்து, பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஹர்ஷாவுக்கு மயிர்க்கூச்செறிந்திருந்தது. முன்னங்கையை எங்களிடம் நீட்டிக் காட்டினார். "மீனிங் என்ன?" என்றார்.

"பழைய யுத்த மந்திரம் சார்" என்றாள் கனகா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

மெஷினை முதலில் சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கேம் கடையில் வைத்தார்கள். நாங்கள் எல்லாரும் போய் நின்றோம். இறைச்சிக் கடையில் வேலை முடித்தவர்கள், துணிக்கடைப் பையை மாட்டிய விற்பனையாளர்கள், கல்லூரிக்குக் கட் அடித்தவர்கள் என்று கூடினார்கள். முதல் ஆள் வெள்ளி முடி இளவரசனை எடுத்தார். குத்தினார், விழவில்லை. உதைத்தார், விழவில்லை. கெல்வாரியாவின் தேவதைகள் அவருக்கு எதிராகப் பகடை உருட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாதே. "டுபாக்கூர் மெஷின்" என்று சொல்லி, நாங்கள் எச்சரித்தபடியே ஓர் உதை விட்டுவிட்டுப் போனார். அடுத்தவர் சும்மா க்ரூல்லாவை எடுத்தார். குத்து விழுந்தது. அடித்த அடியெல்லாம் விழுந்தது. அவளுக்குத்தான் விதி கிடையாதே! அதோடு, "லைன்ல வாடீ!" என்று கடை அதிர்ந்தது. ஒரு நொடி எல்லாரும் திகைத்தார்கள். பிறகு கிளம்பிய சிரிப்பில் வெளியே நின்ற பழவண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க இளவரசர்கள் சீந்துவாரற்றுக் கிடந்தார்கள். ஆடுகிற இரண்டு பேருமே க்ரூல்லாவை எடுத்து மோதினார்கள். தமிழ் தெரியாதவர்களும் குடத்தைக் கேட்டுச் சண்டை போட்டார்கள். ஹர்ஷா ஒரு மூலையில் நின்று கைகட்டிப் பார்த்தார். "கதைக்கு ஆழம் இருந்தா மக்கள் கனெக்ட் ஆவாங்க, பாத்தீங்களா?" என்றார். அரைப் பக்கம் எழுதிய பாத்திரத்தின் ஆழத்தை அவர் மெச்சிக்கொண்ட விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வாய் கோணுகிறது.

சந்தோஷம் தாங்காமல் கடைக்காரரிடம் அந்த யுத்த மந்திரத்தைப் பற்றி அவரே பேச்செடுத்தார். கடைக்காரர் சிவாஜிநகரிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெரியவர். தமிழ் நன்றாகத் தெரியும். தொடையில் தட்டிச் சிரித்தார். "சாப், யே தோ நல் கா ஜகடா ஹை!" குழாயடிச் சண்டை. வரிக்கு வரி உருதுவில் அர்த்தம் சொன்னார். ஹர்ஷாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இரக்கம் வரவில்லை.

ஆபீஸுக்கு வந்ததும் நேராக வரவேற்பு மேசைக்குப் போனார். "ஏனம்மா இது?" என்று கன்னடத்தில் கேட்டார். கனகா எழுந்திருக்கவில்லை.

"நீவே ஹேளித்ரல்லா சார்" என்றாள். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று தொடங்கி, நிதானமாகக் கன்னடத்திலேயே பேசினாள். என் நிலத்தைப் பிடுங்கினால் நான் எப்படிக் கத்துவேன் என்று கேட்டீர்கள். எனக்கு நிலம் இல்லை. தெருக்குழாயில் என் குடத்தை நகர்த்தினால்தான் கத்துவேன். அதைத்தான் கத்தினேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? இங்கிலீஷ் பள்ளியில் படித்த ஹர்ஷாவுக்கு அவ்வளவு கன்னடத்துக்குப் பதில் சொல்லக் கன்னடம் இல்லை. ஆங்கிலத்துக்குத் தாவினார். தன் பத்து வருட உலகத்தை அவள் கேலிக்கூத்தாக்கிவிட்டாள் என்றார். முப்பது வயது ஆண் ஒருவர், இல்லாத நாட்டின் மானத்துக்காக அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

க்ரூல்லாவின் குரலை அழிக்கச் சொன்னார். அவளுக்கும் பகடை வைக்கச் சொன்னார். கனகா தன் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, உறுமல் மட்டும் போதும், நீ செய், என்றார். "மனுஷி மாதிரி வரைஞ்சிருக்கேன் சார், உறும மாட்டா" என்று சொல்லிவிட்டு நானும் இறங்கினேன். மெஷின் சில வாரங்களில் கிடங்குக்கே திரும்பி வந்தது என்றும், ஹர்ஷாவின் அப்பா அதன் மேல் சந்தனப் பெட்டிகளை அடுக்கினார் என்றும் நிரல்காரர் பிற்பாடு சொன்னார்.

வேலையை விட்ட கையோடு நேராக மர்பி டவுனுக்குப் போனேன். கனகா என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருப்பேன் போல. அவள் வாசலிலேயே நின்று, "உன்ன யாரு வுடச் சொன்னது? நா கேட்டனா?" என்று திட்டினாள். திட்டி முடித்து, "சரி, உள்ள வா. ரெண்டு பேருக்கும் வேல தேடலாம்" என்றாள். அவளுடைய அத்தைதான் எனக்கு ஒரு பாடப்புத்தக அச்சகத்தில் படம் வரையும் வேலையைப் பிடித்துக்கொடுத்தார். இன்றும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்.

இந்தக் கதையை ஒருமுறை பொங்கல் விழாவில், இங்கே என்னைப் போல வந்து சேர்ந்த நம்மவர்களிடம் சொன்னேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். தமிழ் ஜெயித்தது என்றார் ஒருவர். கனகாவுக்குச் சால்வை போர்த்த வேண்டும் என்றார் இன்னொருவர். இவர்கள் யாரும் மர்பி டவுன் பக்கம் ஒருநாள் கால் வைத்தவர்கள் இல்லை; வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் மட்டும் அங்கே சொல்லியனுப்புவார்கள். கனகாவிடம் சால்வையைப் பற்றிச் சொன்னபோது அவள் முகத்தைச் சுளித்தாள். "அது தமிழ்ச் சண்ட இல்ல, தண்ணிச் சண்ட. இதுங்களுக்கும் அந்த ஹர்ஷாவுக்கும் இன்னா வித்தியாசம்?" இது முன்பே உறைத்திருந்தால் நான் அந்த விழாவுக்குப் போயிருக்க மாட்டேன்.

போன மாதம் கோவில்பட்டி போயிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டாள். மறுபடி கரண்டியை நீட்டியபோது தட்டின் மேல் கையை விரித்து, "சாக்கு, சாக்கு" என்றேன். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். தினமும் வாயில் வருவதுதான். அம்மா குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"சாக்கா? இப்ப எதுக்குட்டி சாக்கு?"

போதும் என்ற சொல் எனக்கு உடனே வரவில்லை. தட்டின் மேல் என் கை விரிந்தபடி இருந்தது. அம்மாவின் கரண்டி, ஆவி பறக்கும் சோற்றோடு, இறங்கவும் தெரியாமல் திரும்பவும் தெரியாமல் அதற்கு மேலே நின்றது.