சீமாட்டியின் இரண்டாம் கணவன்

இடைக்கால அயர்லாந்துச் சீமாட்டி ஒருத்தியின் உறவுகளைத் தேடுவதிலேயே தொண்ணூறுகளில் என் மொன்றியல் வாழ்க்கை போனது. யாழ்ப்பாணத்துக்காரிக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. சொந்தபந்தம் கிண்டுவதில் எங்களை வெல்ல ஆளில்லை என்பேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு நாள். தோற்றால் மறுபடியும் ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் வேலைதான். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் என் வம்ச வரைபடத்தை மேசையில் விரித்து, ஓரிடத்தில் விரலை வைத்தார். பிறகு அதை எடுக்கவேயில்லை.

"ஒரே பெயரில் இரண்டு ஆண்கள். ஒருவன் சீமாட்டியின் சித்தப்பா மகன். மற்றவன் அவளுடைய இரண்டாம் கணவன். இவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதற்கு என்ன சான்று?"

சான்று இல்லை. நான் தேடியதுமில்லை. பழைய ஏடுகளில் ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே காலம். ஆனால் சித்தப்பா மகன் அண்ணன் அல்லவா? அண்ணனை எவள் கட்டுவாள்? ஆகவே கணவன் வேறொருவனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அவனுக்கென்று ஒரு தகப்பனையும் ஊகித்து, ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன்.

"அவன் அவளுக்கு அண்ணன் முறை," என்றேன்.

"கசின்தானே? அந்தக் காலத்துப் பிரபுக்கள் கசினைக் கட்டுவது வழக்கம். திருச்சபை கத்திக்கொண்டே இருக்கும், அவர்கள் கட்டிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் ஊரில் இல்லையா?"

சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் பொய்.

"இருக்கிறது. என் கணவரே எனக்கு மாமா மகன்தான்."

மேசையைச் சுற்றியிருந்த மற்றப் பரீட்சகர்களின் முகங்கள் சுளித்தன. அவர் என்னையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியானால் இவளை மட்டும் ஏன் கசினைக் கட்ட விடவில்லை?"

வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டு, அந்த அத்தியாயத்தை வெட்டி, வரைபடத்தைத் திருத்தித் தந்தால் பட்டம் உண்டு என்றார்கள்.

அன்று மாலையே கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் திருத்த உட்கார்ந்தேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, சித்தப்பான்ர மகனையோ கட்டினவள்? சீ."

எனக்குச் சுருக்கென்றது. காலையில் அந்த மேசையில் என்னைப் பார்த்த முகங்களும் இப்படித்தான் இருந்தன.

"அவையளுக்கு நாங்களும் அப்பிடித்தான்," என்றேன்.

நான் அடிமட்டத்தை வைத்து, அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே கலியாணக் கோடு போட்டேன்.