அம்மா பேசிய இந்தி

தாராவியில் நாங்கள் இருந்த சால் என்கிற ஒற்றையறை வீட்டு வரிசையில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். நான் மட்டும் திக்கித் திக்கிப் பேசுவேன். வீட்டில் தமிழ், பள்ளியில் இந்தி. பாரபட்சமில்லாமல் இரண்டும் திக்கின.

இரண்டாம் வகுப்பு டீச்சர் அப்பாவை அழைத்து, இரண்டு பாஷை சேர்ந்துதான் குழந்தையின் நாக்கைக் கட்டிப்போடுகிறது, வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்றார். அப்பாவுக்கு அது வேதவாக்கு. அன்றே இந்திக்கு மாறிவிட்டார். அம்மாவுக்கோ காய்கறிக்காரனிடம் பேசுகிற நாலு வார்த்தைக்கு மேல் இந்தி தெரியாது. அதனால் என்னிடம் பேச்சையே விட்டுவிட்டாள். தலை வாரும்போது ஊர்க்கதை சொல்கிறவள், சீப்பால் தலையைத் திருப்பினாள். தட்டை வைத்துவிட்டு, சாப்பிடு என்று கையைக் காட்டினாள். என் திக்கல் குறையவில்லை, கூடியது.

ஒருநாள் அம்மா அப்பாவிடம் பொங்கிவிட்டாள்.

“பெத்த பிள்ளைகிட்ட ஊமையா இருக்கச் சொல்லுதீயளா?”

“டீச்சர் சொல்லுதாங்கள்லா.”

“அப்ப டீச்சர்ட்ட நானே பேசுதேன்.”

“எந்தப் பாஷையில பேசுவ?”

 மறுநாள் முதல் அம்மா குழாயடியில் பக்கத்து அறை இந்திக்காரப் பெண்ணின் அருகிலேயே குடத்தை வைத்தாள். அவளிடம் கேட்டு வந்த வார்த்தைகளை அடுப்பிடம் சொல்லிப் பார்த்தாள். மழைக்காலம் முடிவதற்குள், என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டாள்.

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

“பச்சி... கர் மே... தமிள் போலேகி,” என்றாள். குழந்தை வீட்டில் தமிழ்தான் பேசும்.

அடுத்த வார்த்தை வரவில்லை. எனக்குச் செய்வதுபோலவே, டீச்சர் உதவிக்கு ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். அம்மா உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. உதடு அசைந்து அசைந்து நின்றது. அவளாகவே சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“அட்கேகி... தோ... ஆப் ருக்கோ.” அவள் திக்கினால் நீங்கள் பொறுத்திருங்கள்.

 டீச்சர் தலையசைத்தார். என் திக்கல் அதற்குப் பிறகும் போகவில்லை. ஆனால் அந்த வகுப்பில் என் வாக்கியத்தை நான்தான் முடித்தேன்.

திரும்பி வரும் வழியில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அம்மா, ஒ... ஒனக்கும் வந்துட்டா?”

“என்னதுட்டி?”

“தி... திக்கு.”

அம்மா நடுரோட்டில் நின்று, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பயத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். என் திக்கு அவளுக்கு மேற்கொண்டு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று, நெடுநாள்வரை என் தம்ளரில் அவளைத் தண்ணீர் குடிக்க நான் விடவில்லை.