வெள்ளம் என்றால் வெள்ளம்தான்

மலையாளம் பேசும் எங்கள் நகரத்தின் விளிம்பில், கழக்கூட்டத்தில் மகள் வீட்டுக்குப் போனால், காலையில் பால் வாங்கும் சாக்கில் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு நடை நடப்பேன். போன வாரம் மேம்பாலத் தூணில் ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். எந்தப் படம் என்று பார்க்கவில்லை. வாளியிலிருந்து எழுந்த மைதாப் பசையின் வாசனை என்னை நிறுத்திவிட்டது. லேசாகப் புளித்த, மயில்துத்தம் கலந்த வாசனை. கழுத்தில் அடையாள அட்டை ஆட கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள், வழியை மறித்து நின்ற என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஊருக்கெல்லாம் அது சினிமா வாசனை. எனக்கு அது அச்சகத்தில் அட்டை ஒட்டும் புத்தக வாசனை. பகவதிச் சேச்சியின் வாசனை என்றால் இன்னும் சரி.

அப்போது நான் சாலை என்ற பழைய கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் மிளகாய் மண்டி, மறுபக்கம் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கும் கடை. முதலாளி திருநெல்வேலிக்காரர், தெருவுக்கே அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், காலண்டர் என்று ஓடும். ஆசை வந்தால் எப்போதாவது ஒரு தமிழ்ப் புத்தகம் போடுவார். நானோ பி.ஏ. தமிழ் முடித்த திமிரில் இருந்தேன். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைக்கூட மனதுக்குள் திருத்திக்கொண்டுதான் போவேன். மிளகாய் நெடியில் தும்மித் தும்மி ஒற்றெழுத்துகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு மத்தியானம், நரைத்த தலையும் கைத்தறிச் சேலையுமாக ஓர் அம்மா படியேறி வந்தார். அண்ணாச்சி பதறி எழுந்து, தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்தார். அவர் யாருக்கும் நாற்காலி துடைத்து நான் பார்த்ததில்லை. உற்றுப் பார்த்த பிறகுதான் எனக்கும் பிடிபட்டது. சித்ரமாலா! நான் பள்ளிக்கூடம் போன வழியில் எத்தனை சுவர்களில் சிரித்த முகம்!

"நாவல் அண்ணாச்சி. நான் எழுதினது. அச்சடிக்கணும்" என்று ஒரு காகிதக் கட்டை மேசைமேல் வைத்தார்.

அவர் போனக்காட்டுத் தேயிலை மலையில் பிறந்தவர். அம்மா கொழுந்து பறித்தவர். சினிமாக்காரர்கள் மலைக்கு வந்தபோது கூட்டத்தில் நிற்க ஆள் கேட்டிருக்கிறார்கள். நின்ற பெண்ணை இயக்குநர் முன்வரிசைக்கு அழைத்தார். பகவதி, சித்ரமாலா என்ற நடிகை ஆனார். மலையாளத்தில் படங்கள், தமிழில் படங்கள். ஆனால் ஒரு படத்தில்கூட அவர் குரல் இல்லை. இங்கே பேசினால் தமிழ் வாடை என்றார்கள், சென்னையில் பேசினால் மலையாள வாடை என்றார்கள். இரண்டு இடத்திலும் வேறு பெண்களை வைத்துப் பேசவைத்தார்கள். முதல் படத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனதைச் சேச்சி அடிக்கடி சொல்வார். அம்மா இருட்டில் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "என்ன புள்ள, உன் வாய்க்குள்ள வேற எவளோ இருக்கா?" என்று கேட்டாராம்.

நடிப்பை விட்டது எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னைவிட மூப்பு அந்த ஹீரோவுக்கு. அவனுக்கு நான் அம்மையா நடிக்கணுமாம், கேட்டியா மோளே! அரைகுறையா போட்ட மேக்கப்பைத் துடைச்சேன், பஸ்ஸைப் பிடிச்சேன், இங்க வந்து எறங்கினேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கரகரத்த, முரட்டுச் சிரிப்பு. திரையில் அவருக்காகச் சிரித்தவர்கள் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

நாவல், மழைக்கு ஒதுங்க ஒரு கூரை கேட்டுக் கூடையைக் கீழே வைத்து வேலையை நிறுத்திவிட்ட பெண்களைப் பற்றியது. தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பேசுகிற பேச்சிலேயே முழுக்க எழுதியிருந்தார். முதல் பக்கத்திலேயே என் பேனா தானாகத் திறந்துகொண்டது.

"சேச்சி, 'அம்மை ஒரு செம்பு வெள்ளம் குடிச்சா'ன்னு இருக்கு. தமிழ்ல வெள்ளம்னா ஆத்துல வர்றது. தண்ணின்னு மாத்தட்டுமா?"

"என் அம்மை வெள்ளம்தான் குடிச்சா. நீ தண்ணி குடுத்தா அவளுக்குத் தாகம் அடங்காது."

நான் பேனாவை மூடினேன். ஆனால் அண்ணாச்சிக்குப் பயம் விடவில்லை. நடிகை எழுதிய நாவல், அதுவும் இந்தப் பாஷையில் என்றால் ஊர் சிரிக்குமே! ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் அச்சுப்படியைக் கொடுத்துவிட்டார். மிளகாய் மண்டிக்குள் விழுந்து எழுந்ததுபோல, சிவந்துபோய்த் திரும்பி வந்தது. பின்னாலேயே பேராசிரியரும் வந்தார்.

"அம்மா, கதை நன்றாயிருக்கிறது. ஆனால் இது தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. இந்தப் பேச்சுக்கு ஒரு பெயரே கிடையாது. நல்ல தமிழில் மாற்றுங்கள், முன்னுரை தருகிறேன். விழாவுக்குத் தலைமையும் தாங்குகிறேன்."

"எங்க லயத்துல இதுக்குப் பேரு பேச்சு" என்றார் சேச்சி. "இத்தனை காலம் எனக்கு மத்தவங்க பேசிக் குடுத்தது மதி, போதும் சாரே. இனி வேண்டாம்."

பேராசிரியர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

"முன்னுரை இல்லாம புஸ்தகம் எப்படிம்மா நடக்கும்?"

"நடக்கலைன்னா இடுப்புல தூக்கி வச்சுக்கறேன், அண்ணாச்சி."

அட்டையில் பழைய புகைப்படம் போடலாம், சித்ரமாலா என்று பெயர் போட்டால் நாலு பேர் வாங்குவார்கள் என்றெல்லாம் அண்ணாச்சி கெஞ்சிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பகவதி என்று மட்டும் போட வேண்டியதாயிற்று. கடைசியில் என்னிடம், "அப்படியே விட்டுரும்மா. நீ ஒரு புள்ளிகூட வைக்காதே" என்றார். பிழை திருத்தும் வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு திருத்தாமலே இருந்தது அந்த ஒரு புத்தகத்துக்குத்தான்.

வெளியீடு கோட்டைக்கு அருகே ஒரு சின்ன மண்டபத்தில். பேராசிரியர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கடைசி வரிசையில் மலையிலிருந்து பஸ் ஏறி வந்த பெண்கள், சேச்சியின் அம்மாவோடு கொழுந்து பறித்தவர்கள். சேச்சி பேச எழுந்ததும் நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அம்மையாரே, மறைக்காமல் சொல்லுங்கள். இதை உங்களுக்கு எழுதிக் கொடுத்தது யார்?"

மண்டபம் சிரித்தது. சேச்சி அவசரப்படவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"அத்தனை படத்துலயும் எனக்கு வேற ஒருத்தி பேசினா. அப்ப உங்கள்ல ஒருத்தரும் எழுந்து, இது யாரு குரல்னு கேக்கலை. கைதட்டினீங்க. இன்னிக்கு நானே பேசறேன். இப்ப கேக்கறீங்க, பேசறது யாருன்னு."

அவர் புத்தகத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். சினிமா முறையில் ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லை, அடுப்படியில் பேசுவதுபோலத்தான். கங்காணியை ஒரு கிழவி திட்டும் இடம் வந்தபோது முன்வரிசைகள் விறைப்பாக இருக்க, பின்வரிசை மட்டும் குபீரென்று சிரித்தது. "ஆமா, ஆமா, அப்படியேதான் சொன்னா!" என்று ஓர் அம்மா சத்தமாகவே சொன்னார். பாதியில் பேராசிரியர் எழுந்து போய்விட்டார். முட்டுவலியோடு சுவரோரம் நின்ற ஒரு லயத்துப் பெண் நேரே நடந்து வந்து, அந்த நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பிறகும் சேச்சி நாவல்கள் எழுதினார். எல்லாம் அதே பேச்சில். பத்திரிகைகள் கடைசிவரை "முன்னாள் நடிகை" என்றே எழுதின. பழைய கதாநாயகர்களைப் பற்றிக் கேட்க வருகிறவர்களிடம், "நாவலை வாசிச்சிட்டு வாங்க, வீடு இங்கதான் இருக்கும்" என்பார். பெரும்பாலும் யாரும் திரும்பி வரவில்லை. அவரும் அதற்காக எழுதுவதை நிறுத்தவில்லை.

இப்போது சேச்சி இல்லை. அண்ணாச்சியும் இல்லை. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மலையில் லயங்கள் சரிந்து கிடக்கின்றன. அங்கே வளர்ந்த பிள்ளைகள் நகரத்துக்கு இறங்கி, தங்கள் பிள்ளைகளோடு மலையாளம் பேசுகிறார்கள். கடைசி வரிசையில் கேட்ட அந்தப் பேச்சை வாயால் பேசுகிறவர்கள் என் காதுக்கு எட்டிய தூரத்தில் இல்லை.

தன் புத்தகங்களைச் சேச்சி என் பொறுப்பில் விட்டுப் போயிருக்கிறார். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் போன் செய்தார். மறுபதிப்புப் போட விருப்பமாம். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"கொஞ்சம் பொதுத் தமிழுக்கு மாத்திடுவோம்மா. இல்லேன்னா படிக்கிறவங்களுக்குப் புரியாது."

"மாத்த முடியாது சார்."

"அப்புறம் எப்படிம்மா புரியும்?"

"வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பிறகு கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.