தன் கட்டுரையை எண்ண வேண்டாம் என்றவர்

டாக்டர் தனபாலன் இறந்துவிட்ட செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது பாக்கார் ஆராங்கில் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்துப் பழைய ஊழியர்களின் குழுவில் யாரோ அவர் படத்தைப் போட்டு, 'வெள்ளி நானோ கொத்துகளைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் கட்டுரையை எழுதியவர்' என்று எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். முதலில் எனக்கு வந்தது எரிச்சல்தான். அழுகை பிறகுதான் வந்தது. வீட்டில் நான் ஒருத்தி மட்டும் என்பதால் அதை யாரிடமும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

உங்களில் பலருக்கு அவர் வேதியியல் பேராசிரியர். அங்கே நூலகராக இருந்த எனக்கு, முகப்புக்கு வருகிறவர். எங்கள் ஆசிரியர்களின் கட்டுரைகளை வெளியே எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. பதவி உயர்வும் ஆராய்ச்சி மானியமும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கிடைக்கும். ஆகவே எல்லாரும் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லியே வருவார்கள். சிலர் முறுக்கு டப்பாவோடும் வருவார்கள்.

வெள்ளிக் கட்டுரை வெளியான புதிதில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியோடு வந்தார். பழைய இதழ்கள் இருக்கும் அறைக்கு என்னை அழைத்துப்போய் விளக்கை அணைத்தார். புற ஊதாக் கைவிளக்கைப் பிடித்ததும், தேநீர்போல இருந்த அந்தத் திரவம் சிவப்பாக ஒளிர்ந்தது.

"வெறும் வெள்ளிதான் அக்கா. கொஞ்சமே கொஞ்சம் அணு மட்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டா, உலோகம் உலோகமாவே நடந்துக்காது," என்றார்.

மேற்கோள்கள் குவிந்தன. குருண் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் இவர் என்று எங்களுக்கெல்லாம் பெருமையில் தலைகால் புரியவில்லை.

சில வருடங்கள் கழித்து அதே அறைக்கு மறுபடியும் அழைத்தார். அதே கைவிளக்கு, வேறொரு குப்பி. இருட்டில் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தெரியுதா அக்கா?"

"இல்லையே டாக்டர்."

"எனக்கும் தெரியல."

விளக்கைப் போடாமலேயே விவரத்தைச் சொன்னார். முதல் சோதனைக்கு எடுத்த குப்பிகளில் அதற்கு முன் தங்கத்தை வைத்து வேலை செய்திருந்தார்கள். கழுவியும் போகாத துளித் தங்கம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வெள்ளியோடு கலந்து அந்தச் சிவப்பைக் கொடுத்தது அதுதான். புதுக் குப்பியில் செய்து பார்த்தால் சிவப்பே இல்லை.

"எழுதிடணும் அக்கா. எவனாவது என் பேச்ச நம்பி வருஷக்கணக்கா லேப்ல ஒக்காந்திருப்பான்."

இரண்டே பக்கத்தில் திருத்தம் எழுதி அதே இதழில் வெளியிட்டார். யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தப்பான கட்டுரைக்கு மட்டும் மேற்கோள்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் காட்டியதைப் பார்த்து இன்னொருவர் காட்டுவது, வேறென்ன. அழைத்த மாநாடுகளுக்கெல்லாம் போய் அவர் தன் தவற்றைப் பற்றியே பேசினார். மெல்ல அழைப்புகள் நின்றுபோயின. கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். போய் எதிரில் உட்கார்ந்தால் தட்டை நகர்த்தி இடம் விடுவார், அவ்வளவுதான்.

கணக்கெடுக்கும் காலம் வந்தால் தவறாமல் என் முகப்பில் நிற்பார். "அந்த ஒண்ண மட்டும் தள்ளிடுங்க லா அக்கா. அத எண்ண வேணாம்."

"சிஸ்டம் தானா எண்ணுது டாக்டர். நான் என்ன செய்ய?"

"சரி, திருத்தத்துக்கு எவ்ளோ?"

திரையை அவர் பக்கம் திருப்புவேன். அதில் வெறும் பூஜ்யம்தான் இருக்கும்.

"கோசோங்கா? அடுத்த வருஷம் பாப்போம்," என்று கிளம்பிவிடுவார். நான் ஓய்வு பெற்ற பிறகு அவர் யாரிடம் போய்க் கேட்டாரோ தெரியாது. ஒருவேளை கேட்பதையே விட்டிருக்கலாம்.

மெர்கோங்கில் அவர் வீட்டில் அவரைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் அந்தக் கட்டுரையையே புகழ்ந்தார்கள். அவருடைய தங்கை செல்வி அதன் முதல் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, எல்லாரும் இதத்தான் பெரிசா சொல்றாங்க. அண்ணன் பெட்டியில வச்சிரவா?"

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. "வேணாம்மா. அது தப்புன்னு உங்க அண்ணனே எழுதிட்டாரு."

அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்ககிட்ட சொன்னதே இல்லையே," என்றாள். பிறகு தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "அப்ப, தப்புன்னு எழுதினாரே, அத வைக்கலாமா?"

"அத பெட்டியோட சேத்து எரிச்சிடாதம்மா. இன்னும் யாருமே படிக்கல."

பூக்களை மட்டும் வைத்துப் பெட்டியை மூடினார்கள்.

அவருடையதாக என்னிடம் இருப்பது இருட்டில் கேட்ட அந்த ஒரு வார்த்தை: "எனக்கும் தெரியல." இத்தனை வருடம் மேற்கோள்களை எண்ணினேனே தவிர, நான் ஒன்றும் எழுதியதில்லை. இந்த அஞ்சலியை எந்தச் சிஸ்டமும் எண்ணப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். அந்த வெள்ளி ஒளிரவில்லை. குப்பியில் தங்கம் இருந்தது. சொன்னவர், டாக்டர் தனபாலன்.

டாக்டர், உங்கள் திருத்தத்துக்கு ஒன்று.