மாமா என்னைப் பார்த்துக்கொண்ட நாள்

எங்கள் வீட்டில் மாமாவிடம் ஒரு வேலை சொல்வதென்றால், வார்த்தையை வாய்க்குள்ளேயே இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். ஏனென்றால் மாமா சொன்னதைச் செய்துவிடுவார். சொன்னதை மட்டும்தான் செய்வார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கைக்குழந்தையிலேயே தாயைப் பறிகொடுத்தவரை அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகிக் கள்ளிக்குப்பத்துக்கு வந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. மாமா மீசை வைத்த ஆள். ஆனால் அம்பத்தூர் ரயிலடிப் பக்கம் வண்டி ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவார். சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம் இருக்க வேண்டும்; இரண்டும் தொட்டுக்கொண்டால் தட்டு அப்படியே கிடக்கும். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். தூணைப் பார்த்துப் பேசுவார். தூண் இல்லாத இடத்தில் நம் காது. அம்மாவே கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "எரியிது அக்கா" என்பார்.

இதற்கு ஆட்டிசம் என்று பெயர் இருப்பதாக என் பேத்தி சொல்கிறாள். எங்கள் அத்தைக்கு, அதாவது என் அப்பா நைனாவின் அக்காவுக்கு, அந்தப் பெயர் தெரியாது. அதனால் தன் இஷ்டத்துக்கு அவளே ஏழெட்டுப் பெயர் வைத்திருந்தாள். ஒன்றுகூட எழுதத் தக்கதல்ல.

அந்த வருஷம் ஆடி பிறப்பதற்கு முன் ஒருநாள், எல்லோரும் கழனிக்குப் போக வேண்டியிருந்தது. அத்தை கிளம்பும்போது மாமாவிடம், "நாங்க வர்றவரைக்கும் ஊட்டைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா எதிரே இருந்த வேப்ப மரத்தடியில் போய் நின்றார். வீட்டைப் பார்த்தார். ஓர் ஆடு வாசலுக்கு வந்ததையும், காயப்போட்டிருந்த கேழ்வரகில் வாய் வைத்ததையும், நிதானமாகத் தின்று முடித்ததையும் பார்த்தார். அத்தை திரும்பி வந்து குய்யோ முறையோ என்று கத்தியபோது, "ஊடு எங்கியும் போகல. இங்கியேதான் கீது" என்றார். ஆட்டுக்கு இடது காது மடங்கியிருந்தது என்ற தகவலையும் சேர்த்துச் சொன்னார்.

நான் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு குட்டு விழுந்தது. நைனா சிரிக்கவில்லை. "இன்னொரு தபா இந்த மாதிரி ஆச்சு, இவனை இவங்க அண்ணங்காரன் ஊட்டுக்கு ஏத்தி அனுப்பிடுவேன்" என்றார். பெரிய மாமா திருத்தணிப் பக்கம் இருந்தார். அவர் வீட்டில் தம்பியை எங்கே வைத்திருப்பார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும்: மாட்டுக் கொட்டகையில், வெளியே தாழ் போட்டு. அன்று அம்மா சாப்பிடவில்லை.

ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மா அந்த வருஷம் கூழ்ப் பானை எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். என்னை யாரிடம் விடுவது என்று பேச்சு வந்ததும், "என் தம்பி பாத்துக்குவான்" என்றாள். அத்தை கையைத் தட்டிச் சிரித்தாள். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமாவைக் கூப்பிட்டு, "தம்பி, பாப்பாவைப் பாத்துக்கோடா. கண்ணை எடுக்காம பாத்துக்கோ" என்றாள்.

மாமா பார்க்க ஆரம்பித்தார்.

அட கஷ்டமே! நான் கூழ் குடித்தால் எதிரே நின்று பார்க்கிறார். வளையல் கடையில் கையை நீட்டினால், கடைக்காரனுக்கும் எனக்கும் நடுவில் தலையை விட்டுப் பார்க்கிறார். நாக்கைத் துருத்திக் காட்டினேன், அதையும் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. என் கூட்டாளிப் பெண்கள், "இன்னாடி உங்க மாமா, கட்டிக்கப் போற பொண்ணாட்டம் பாக்குறாரு" என்று கேலி செய்தார்கள். மானம் போயிற்று எனக்கு. அழுகையே வந்துவிட்டது.

கோயிலுக்குப் பின்னால் புளிய மரத்தடியில் ஒரு வைக்கோல் வண்டி நின்றது. குமணன்சாவடியில் பால்மாடு வைத்திருந்த ஒரு பாய், எங்கள் ஊரில் வைக்கோல் வாங்கி ஏற்றியிருந்தார். நான் அதன் பின்பக்கமாக ஏறி வைக்கோலைக் குடைந்துகொண்டு உட்கார்ந்தேன். மாமா வந்து வண்டிக்குப் பின்னால் நின்றார். பார்த்தார். போங்கள், எப்படியோ போங்கள் என்று படுத்துவிட்டேன். வயிறு நிறையக் கூழ், கீழே வைக்கோல், கேட்க வேண்டுமா? தூங்கிவிட்டேன்.

பாய் வந்து மாட்டைப் பூட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாமா பின்னாலேயே நடந்தார். கத்தவில்லை. வண்டியை நிறுத்தவில்லை. அம்பத்தூர் ஏரிக்கரை தாண்டி, மொட்டை வெயிலில், செருப்பில்லாத காலோடு, என்னைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பாய் இரக்கப்பட்டு, "ஏறிக்கோயேன் அண்ணாத்தே" என்று கூப்பிட்டாராம். மாமா அவர் பக்கம் திரும்பவே இல்லையாம்.

குமணன்சாவடியில் நான் விழித்துக்கொண்டு ஓவென்று அழுதபோது பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யா அல்லா! வைக்கோலுக்குள்ள புள்ளயா? ஏம்ப்பா, நீ பாத்துகினுதானே வந்தே?"

"ஆமா. பாத்துகினுதான் வந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"சொல்லுன்னு அக்கா சொல்லல" என்றார் மாமா, என் முகத்தைப் பார்த்தபடியே.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு ஒரு பொறை ரொட்டி வாங்கிக் கொடுத்து, வைக்கோலை இறக்கக்கூட நேரமில்லாமல் வண்டியைத் திருப்பினார். மாமாவையும் பிடித்துத் தள்ளிப் பின்னால் ஏற்றினார்.

ஊரில் அதற்குள் கிணற்றில் ஆள் இறங்கித் தேடிவிட்டிருந்தார்கள். அத்தை மாரில் அடித்துக்கொண்டு, எனக்காகப் பாதியும் மாமாவைத் திட்டிப் பாதியுமாக அழுதுகொண்டிருந்தாள். வண்டியிலிருந்து என்னை இறக்கியதும் நைனா முதுகில் ஒன்று வைத்தார், பிறகு தூக்கிக்கொண்டார். பாய் நடந்ததை முழுக்கச் சொன்னார். "இந்த ஆளு கால பாருங்க, பூரா கொப்புளம். கண்ண எடுக்கலீங்க" என்றார். அம்மா சுவரோரம் ஒடுங்கி நின்றாள்.

"எல்லாம் சரி, மூட்டையைக் கட்டச் சொல்லு" என்றாள் அத்தை. நைனாவும் தலையை ஆட்டினார். நாளைக்கே திருத்தணி என்று முடிவானது போலத்தான் இருந்தது. அப்புறம் என்ன தோன்றிற்றோ, என்னைக் கேட்டார். "நீ சொல்லு பாப்பா. மாமா உன்னை இன்னா பண்ணாரு?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த ஆத்திரத்தையெல்லாம் கொட்டினேன். "கூழு குடிக்க உடல, வளையல் பாக்க உடல. நாள் பூரா என் மூஞ்சியவே மொறச்சுகினு கீறாரு நைனா. என் கண்ணையே பாக்குறாரு. இதோ, இப்பக்கூட பாருங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். மாமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"உன் மூஞ்சியையா? உன் கண்ணையா பாத்தான்?" என்று அம்மா கேட்டாள். கேட்டவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, நான் காணாமல் போனபோதுகூட அழாத அழுகையை அழுதாள். பிறகு எழுந்து போய் முந்தானையால் மாமாவின் முகத்தைத் துடைத்தாள். "போதும்டா தம்பி. பாத்தது போதும்."

தலைச்சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, மாமா கண்ணைத் தூணுக்குத் திருப்பிக்கொண்டார். நைனா தொண்டையைக் கனைத்தார். "கூழு மீந்திருந்தா அவனுக்கு ஊத்து" என்று சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போனார். திருத்தணிப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவேயில்லை.

எனக்கானால் கோபம் தாங்கவில்லை. காணாமல் போனவள் நான். புகார் சொன்னவளும் நான். அம்மா என்னடாவென்றால் என்னை விட்டுவிட்டு அவருக்காக அழுகிறாள், மிச்சக் கூழும் அவருக்கே போகிறது. இந்த வீட்டில் நியாயம் என்பதே கிடையாது என்று நினைத்துக்கொண்டு, பொறையின் கடைசித் துண்டை யாருக்கும் கொடுக்காமல் தின்றேன்.