லாரி கவிழ்ந்த காயம்

ஒரு காலில் மட்டும் செருப்போடு அப்பா சாரம் பகுதிக் கடைத்தெருவிலிருந்து நடந்து வந்தார். இன்னொன்று கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. வயது எழுபது, அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன்.

முதுகுத்தண்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க டாக்டர் எம்.ஆர்.ஐ. (பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து உடம்பின் உள்ளே படமெடுப்பது) எழுதினார். உடம்பில் இரும்பு உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா. எங்களைப் போன்ற சிப்பாய் வீடுகளில் எந்தப் படிவத்தையும் பட்டாளத்துப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தே நிரப்புவோம். ஓர் எழுத்து மாறினாலும் அலையவிடுவார்கள். 'அல்ஜீரியா. லாரி கவிழ்ந்து முதுகில் காயம்' என்றிருந்தது. இரும்பு இல்லை என்று எழுதினேன்.

ஸ்கேன் அறை வாசலில் டெக்னீஷியன் அப்பாவிடம் மறுபடி கேட்டார். "குண்டு கிண்டு ஏதாவது உள்ள இருக்காய்யா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

உள்ளே போனதும் அலறினார். வெளியே இழுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். தண்டுவடத்தை ஒட்டி ஓர் இரும்புச் சில்லு. காந்தம் அதை அசைத்திருந்தது. உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. அன்றே அறுவை செய்தும் இரண்டு கால்களும் உணர்வற்றுப் போயின.

"ஏம்மா, இத சொல்ல வேணாமா?" என்றார் டாக்டர். பட்டாளத்துப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

மூன்றாம் நாள் அப்பா சொன்னார். அல்ஜீரிய விடுதலைப் போராளிகள் எல்லை தாண்டித் துனீசியாவில் பதுங்குவார்களாம். அங்கே போக இவர்கள் பட்டாளத்துக்கு அனுமதி கிடையாது. போனார்கள். ஒரு வீட்டுக்குள் கையெறி குண்டு வீசினார்கள். அதிலிருந்து தெறித்த சில்லுதான் இவர் முதுகில்.

"உள்ள யாருப்பா இருந்தாங்க?"

"ஒரு பொம்பள. ரெண்டு ஆடு. நாங்க எல்லையே தாண்டலன்னு மேலதிகாரிங்க சொல்லிட்டாங்க. லாரி கவுந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டேன்."

"அம்பது வருசமாச்சே! இன்னும் யாருக்குப் பயம்?"

"பயமில்லம்மா. சொல்லிச் சொல்லி, லாரி கவுந்தது நெஜமாவே ஞாபகம் இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணுக்காகவா, இவர் கால்களுக்காகவா என்று இன்னமும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டிலும் பழைய பட்டாளத்துக்காரர் இருந்தால் காகிதத்தை நம்பாதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கிறேன். எனக்கு இப்போது காலை, மாலை என்றெல்லாம் இல்லை. இடப்பக்கம், வலப்பக்கம், அவ்வளவுதான்.

நேற்று பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தார். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, "தொடுறது தெரியுதாய்யா?" என்று கேட்டார்.

"தெரியுது, நல்லா தெரியுது" என்றார் அப்பா.

அந்தப் பெண் இன்னும் கையே வைக்கவில்லை.